பாதி அழைப்பு

வேண்டாத விருந்தாளி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர ஊரில் ஆள் நிறைய உண்டு. நாமே அந்த வேண்டாத விருந்தாளியாகிவிட்டால் என்ன செய்வது? அதிலும், கூப்பிட்டவள் ஆசையாகக் கூப்பிட்டிருக்க, கூட இருப்பவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள் என்றால்?

திருக்குறளில் விருந்தோம்பல் 9-வது அதிகாரம். வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வள்ளுவர் விருந்துக்கு வருகிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் வீட்டில் யார் வந்தாலும் இருவருக்கும் விருந்துதான். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டை மூன்று பெண்கள் வாடகை பிரித்து எடுத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டுக்கு இல்லறவியலில் இடமில்லை. துறவறவியலிலும் இல்லை. அங்கே வருகிறவள் ஒருத்திக்குத்தான் விருந்து. மற்றவர்களுக்கு, காலையில் பாத்ரூம் வாசலில் நிற்கும் இன்னொரு ஆள்.

ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போனால் நான் தங்குவது அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான். தோழி என்னோடு கல்லூரியில் படித்தவள். அவளுடைய ரூம்மேட்களில் ஒருவர் சொந்த ஊருக்குப் போவதும் வருவதுமாக இருப்பவர், அவரால் தொல்லையில்லை. இன்னொருவர் எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னிடம் நேரே பேசவே மாட்டார். நான் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன். என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போய், அங்கே நிற்கும் தோழியிடம், "உன் ஃப்ரெண்டு நாளைக்கும் இருக்காங்களா?" என்பார். குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் மாட்டார். ஃபிரிட்ஜில் அவருடைய தயிர்ப் பாக்கெட்டின் மேல் மார்க்கரில் அவர் பெயரின் முதல் எழுத்து இருக்கும். நான் போய் இறங்கிய அன்று சாயங்காலத்துக்குள் அந்த எழுத்து முட்டை அட்டைக்கும் பரவிவிடும்.

இப்படிப்பட்டவரைச் 'சிடுமூஞ்சி' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர் பக்கத்துக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, தண்ணீர் இல்லாமல் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன நகரம் அது. லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்து, பக்கெட் கணக்குப் பார்த்துக் குளித்தவர்களுக்கு, விருந்தாளி ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுவது காதில் எப்படி விழும்? கரண்டும் அப்படித்தான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று முடியாது; கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். 490-இல் நிற்கிற வீட்டில் சில இரவுகள் கூடுதலாக ஓடிய ஏசி போதும், பில் எகிறிவிடும். அந்தப் பில்லில் மூன்றில் ஒரு பங்கை அந்தச் சிடுமூஞ்சியும் கட்டுகிறார். ஓனரோ, "யாரும்மா அது புதுசா?" என்று மாடிப்படியில் மறித்துக் கேட்பது என்னை அல்ல, அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்ட அவரை.

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு விடியற்காலை வந்து படுக்கிறவர் ரூம்மேட்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தோழிகள் இருவர் பல நாள் கழித்துச் சந்தித்த சந்தோஷத்தில் காலை எட்டு மணிக்குச் சிரிக்கிற சிரிப்பு, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நடுராத்திரிக் கூச்சல்.

சமாதானத்துக்கு என்று நான் திருநெல்வேலியிலிருந்து அல்வா வாங்கிப் போனேன். டைனிங் டேபிளில் அப்படியே இருந்தது. கடைசியில் நாங்களே தின்றோம். அவருக்கு வேண்டியது அல்வா இல்லை, கேள்வி என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு ராத்திரி, தோழி போனில் இருந்த நேரம் பார்த்து, நானே அவர் கதவைத் தட்டினேன். "அக்கா, காலைல நீங்க எத்தனை மணிக்குக் குளிப்பீங்க? அதுக்கு முன்னாடி நான் முடிச்சிடறேன்" என்றேன். என்னை முதன்முறையாக நேராகப் பார்த்து, "ஆறே கால்" என்றார். கொஞ்சம் யோசித்து, "கீஸரை ஆஃப் பண்ணிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு அவர் சிநேகிதியாகிவிட்டார் என்றெல்லாம் இல்லை. இன்றும் சிரிக்க மாட்டார். ஆனால் "நாளைக்கும் இருக்கீங்களா?" என்று என்னிடமே கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது. தோழி கொடுத்தது பாதி அழைப்புதான், மீதியை நாமே போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

எல்லோரையும் இந்தக் கணக்கில் அடக்கிவிட முடியாது. சிலர் நிஜமாகவே பொல்லாதவர்கள். விருந்தாளியின் முன்னால் தோழியை மட்டம் தட்டுவதற்கென்றே காத்திருந்து, "இவ இந்த மாசமும் வாடகையை லேட்டாத்தான் குடுத்தா, உங்ககிட்ட சொன்னாளா?" என்பார்கள். ரத்தம் கொதிக்கும். தோழிக்காக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாய் துடிக்கும். கேட்கக் கூடாது என்பது என் கட்சி. நாம் வீரம் காட்டிவிட்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவோம். மறுநாள் காலையில் அதே சமையலறையில், அதே அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டியவள் அவள்.

'இவ்வளவு கஷ்டத்தில் ஏன் அங்கே இருக்கிறாய், வேறு வீடு பார்' என்று சொல்வதும் ஊரிலிருந்து போகிற நமக்குச் சுலபம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய நகரம் சென்னை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ள ஓனர்களுக்குத் தெரியாதா என்ன? அதற்கும் முன்னால் "ஃபேமிலியா, பேச்சுலரா?" என்ற கேள்வியைத் தாண்ட வேண்டும். கிடைத்த வீட்டையும், கூட வாய்த்த ஆளையும் சகித்துக்கொண்டு இருப்பவளைக் கோழை என்று நினைக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றிலும் ஜாக்கிரதை வேண்டும். விளக்கணைத்த பிறகு தோழி பாயில் படுத்துக்கொண்டு ரூம்மேட்டைப் பற்றிக் கொட்டித் தீர்ப்பாள். காது கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். கூடச் சேர்ந்து நாமும் இரண்டு சொல்லிவிட்டால் வந்தது வினை. அடுத்த வாரம் அவர்கள் இருவரும் ஒரே தட்டில் மேகி சாப்பிடுவார்கள். "அன்னைக்கு அவகூட உங்களைப் பத்தி இப்படிச் சொன்னா" என்று நம் பேச்சு அங்கே பரிமாறப்படும்.

அதனால் சென்னைக்கோ பெங்களூருக்கோ டிக்கெட் போடும் முன், தோழிக்குப் போன் செய்து ஒன்று கேட்டுவிடுங்கள்: "கூட இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டியா?" "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நீ வா" என்று பதில் வந்தால், இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தயங்கினால், எழும்பூர் ஸ்டேஷனைச் சுற்றி லாட்ஜுகளுக்குப் பஞ்சமில்லை.