மெலிந்த முயலுக்குச் சோறு ஊட்டாதீர்கள்

நேற்று ராத்திரி வைத்த தீனி அப்படியே கிடக்கிறதா? கூண்டுக்கு அடியில் புழுக்கையைக் காணோமா? அப்படியானால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். முயலைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு நாள் வாய் வைக்காமல் கிடந்தாலே முயலின் குடல் ஓட்டம் நின்றுபோகும், ஈரலும் கெடும். சாயந்தரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் சாயந்தரம் பார்க்க முயல் இருக்காது.

தீனி எடுத்தும் இளைத்துக்கொண்டே போகிற முயலை வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள். ரோமம் மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. முதுகைத் தடவிப் பாருங்கள். எலும்பு முடிச்சு முடிச்சாகக் கையில் குத்தினால் முயல் தேய்ந்துகொண்டிருக்கிறது. உடனே நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஆச்சி சோற்றைப் பிசைந்து வைக்கிறார். பிள்ளை பிஸ்கட்டை நீட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பொரிகடலை போடச் சொல்கிறார், இன்னொருவர் பால். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

முயலுக்கு இரைப்பையைவிடப் பெரிய பை ஒன்று குடலோடு ஒட்டியிருக்கிறது. புல்லின் நாரை அங்கேதான் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. மாவும் சர்க்கரையும் போய்ச் சேர்ந்தால் கெட்ட கிருமி பெருகி, வாயு கட்டி, வயிறு உப்பும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் முயலால் முடியாது. அந்தப் பையிலிருந்து வரும் மென்மையான புழுக்கையை முயல் குனிந்து தானே தின்னும். அசிங்கம் என்று அதட்டாதீர்கள். விட்டமினும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. அதைத் தின்னாமல் விட்டிருந்தால், மாவுத் தீனி மிஞ்சிவிட்டது, அல்லது குனிய முடியாத அளவுக்கு எங்கோ வலிக்கிறது.

ஏன் இளைத்தது என்று தெரியாமல் எடை கூட்டப் பார்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. முதலில் பல்லைப் பாருங்கள். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும், புல்லை அரைத்தால்தான் தேயும். தீனியிடம் ஆசையாக வந்து, கவ்விவிட்டு நழுவ விடுகிறதா, தாடை நனைந்திருக்கிறதா? அது பல் கோளாறு. நகவெட்டியால் நீங்களே நறுக்கினால் பல் வேர்வரை பிளக்கும். காதிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டியிருந்தால் சொறி. குட்டி கழிந்தால் குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். இரண்டு முயல் ஒரே கூண்டில் இருந்தால், வலுத்தது மற்றதை அண்டவிடாமல் தின்கிறதா என்று ஒளிந்திருந்து பாருங்கள்.

நம் பக்கத்து வெயிலையும் சொல்ல வேண்டும். 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கமுதிக்கு வந்ததே இந்த வெயிலை நம்பித்தான். அதே வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே கம்பிக் கூண்டில் முயலை வைத்தால் அது எப்படித் தின்னும்? முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூடு வெளியேறும். நிழலுக்கு மாற்றுங்கள். ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். கவிழாத மண் சட்டியில் நாள் முழுக்கத் தண்ணீர் இருக்கட்டும்.

தீனி என்றால் புல்தான். அருகம்புல்லோ கொழுக்கட்டைப் புல்லோ நிழலில் உலர்த்தி, இரவும் பகலும் குறையாமல் போடுங்கள். வைக்கோலில் நார் உண்டு, சத்துக் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம். மிளகாய், பருத்திக் கொல்லை வரப்பில் அறுக்கவே அறுக்காதீர்கள், அங்கே மருந்தடித்திருப்பார்கள். புல்லை நன்றாகத் தின்னத் தொடங்கிய பிறகு குதிரைமசால், வேலிமசால், முயலுக்கென்று விற்கும் குச்சித் தீவனம், ஒரு தேக்கரண்டி ஓட்ஸ் என்று ஒவ்வொன்றாக, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரே வாரத்தில் கொழுக்க வைக்கிற அவசரம் முயலைக் கொல்லும். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்.

கருவேலங்காட்டிலிருந்து பிடித்து வந்த முயல் என்றால் பேச்சே வேறு. காட்டு முயலை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தனியே கிடக்கும் குட்டி அனாதை இல்லை. தாய் இருட்டியதும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

மருந்தில் விளையாடாதீர்கள். பிள்ளைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மருந்தை வாயில் ஊற்றினால் குடலின் நல்ல கிருமிகள் செத்து, முயலும் சாகும். நாய்க்கு உண்ணிக்காகத் தடவும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. நம் பக்கத்து மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது ஆடும் மாடும், ஆகவே எந்த மருந்து எழுதினாலும், "இது முயலுக்கு ஆகுமா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். பிள்ளை அழுதது என்று முயலை வாங்கியது நீங்கள், அதனால் பிள்ளையை அனுப்பாமல் நீங்களே போங்கள். போகும்போது எடை எழுதிய தாளையும், காலையில் விழுந்த புழுக்கை போட்ட ஒரு சின்ன டப்பாவையும் எடுத்துப் போங்கள். அதைப் பார்த்துத்தான் பூச்சியா, ஒட்டுண்ணியா, தீனிக் கோளாறா என்று அவர் சொல்ல முடியும்.