சாயம் காட்டும் அளவு

இருட்டறை. நுண்ணோக்கியின் கண்ணாடியில் இமை உரசுகிறது.


செல்லுக்குள் ரோட்-2. ரோஜர் சியனின் குழு 1989இல் தந்த சாயம். கால்சியம் வந்து ஒட்டினால், பச்சை ஒளி படும்போது செம்மஞ்சளாக ஒளிர்கிறது. ஒட்டாதபோது இருட்டோடு இருட்டு.


சாயம் நேர்மின்னேற்றத்தோடு நுழைகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னேற்றம், ஏறத்தாழ 180 மில்லிவோல்ட். யாரும் தள்ளுவதில்லை. தானே போய்ச் சேர்கிறது.


ரோடமின் குடும்பம். இதே குடும்பத்துச் சாயம் பட்டு நூலில் ஏறினால் இளஞ்சிவப்பு.


பட்டு நெய்யும் தென்னேரி. குழித்தறியில் பாவு. நாடா போகிறது, வருகிறது. நெசவாளியின் கால் மிதிபலகையை அழுத்துகிறது.


கால் அழுத்த, தசை செல்லில் கால்சியம் கூடுகிறது. அதில் கொஞ்சம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். அங்கே ஆற்றல் உருவாவது வேகம் பிடிக்கிறது. அவர் பார்வை ஜரிகை மேல்.


மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.


மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் போகும் வழி எம்சியு என்ற புரதம். 2011வரை அதற்கு அடையாளம் இல்லை.


வழியில் காவல், எம்ஐசியு1. வேலூர் சிஎம்சியில் முன்பு ஆய்வு செய்த முனிசாமி மாதேஷின் குழு, 2012இல் பிலடெல்பியாவில் அதைக் குறைத்துப் பார்க்கிறது. செல் சும்மா இருக்கும்போதும் கால்சியம் உள்ளே சேர்கிறது. ஷட்டர் இறக்கிய பிறகும் கசியும் ஏரி மதகு போல.


அப்படிக் கால்சியம் சேர்ந்த செல், சிறு பாதிப்புக்கே மடிகிறது.


சாயத்தோடு ஒட்டிய கால்சியம் அந்த நேரம் வேறு வேலைக்கு இல்லை. பார்ப்பதற்காகக் கொஞ்சம் பிடித்துவைக்கிறேன்.


சாயம் கூடினால் காட்சி தெளிகிறது, ஓட்டம் மாறுகிறது. சாயம் குறைந்தால் ஓட்டம் அப்படியே இருக்கிறது, காட்சி இல்லை.


கழுத்தில் ஒரு வலி. வருகிறது. இருக்கிறது.


ஒளி படப் படச் சாயம் போகிறது. ஒளிர்வு இறங்குகிறது.


சாயம் போனதா, கால்சியம் போனதா. ஃபுரா-2 என்ற சாயமானால் 340, 380 நானோமீட்டர் என இரண்டு ஒளியில் பார்த்து, விகிதம் எடுக்கலாம். ரோட்-2இல் அந்த வழி இல்லை. திரையில் இரண்டுக்கும் ஒரே சரிவு.


அதே தட்டில் சாயம் ஏறாத செல் ஒன்று. அதற்குள்ளும் கால்சியம் போய்வருகிறது. அதற்கு வரைகோடு இல்லை.