நள்ளிரவு மணி

தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் 26 வருஷம் ராத்திரி மேனேஜராக இருந்தேன். ரெஜிஸ்டரில் கட்டம் கட்டமாகக் கேள்விகள்: பெயர், ஊர், எங்கிருந்து வருகை, எங்கே பயணம், என்ன காரியம். பின்னாளில் அடையாள அட்டையின் நகலும் சேர்ந்துகொண்டது. பதினொன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காக ஒரத்தநாடு போனேன். பட்டுக்கோட்டை பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்துபோன முக்தாம்பாள் சத்திரத்தை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் தன் அபிமான ஸ்திரீயின் பெயரில் கட்டியது. முகப்பு தேர் மாதிரி. அடிப்பீடத்து யானையும் குதிரையும் அதை இழுத்துக்கொண்டு கிளம்புகிற பாவனை. அவள் பிரசவத்தில் செத்தாள், வழிப்போக்கர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் ஓர் இடம் வேண்டுமென்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினாள் என்று ஊரில் சொல்வார்கள்.

1799 ஒப்பந்தத்தோடு தஞ்சை ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. 1801இல் சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேசுவரம் சாலைச் சத்திரங்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதே அதன் கவலை. சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், பிரசவத்துக்கு உதவி. கூடவே இன்னொன்று: நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிடுவார்கள்.

என் மனசு அந்த மணியிலேயே நின்றுவிட்டது. கேட்டு வந்தவனுக்குக் கொடுப்பது தானம், அதுவே பெரிது. ஆனால் கேட்பதற்கு முன்பே அவன் பாதி செத்திருப்பான், வெட்கத்தில். மணி அந்த வெட்கத்தை வாங்கிக்கொள்கிறது. அது யார் பெயரையும் சொல்வதில்லை. பசித்தவன் எழுந்து வந்தால் போதும், வாய் திறக்க வேண்டாம். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்றுதான் பழைய பொருள். மாமனும் மச்சானும் வந்தால் அது உறவு. முகம் தெரியாதவன் வந்தால்தான் விருந்து.

சத்திரம் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லையா? கேட்டது. சமைத்த சோறு ஆகாதவர்களுக்கு அரிசியாகவே அளந்தார்கள் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. யார் கை பட்டதை யார் சாப்பிடுவது என்ற கணக்கு அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒலித்த மணியும் வந்தவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்காது. அறமும் தன் காலத்து அழுக்கோடுதான் நடக்கிறது. அதற்காக மணியே பொய்யென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ரெஜிஸ்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சத்திரத்துக்கு மானிய நிலம் இருந்தது. எனக்குச் சம்பளமும் போலீஸ் பயமும். ஒரு மழைக்கால ராத்திரி, பன்னிரண்டு மணி இருக்கும், மஞ்சள் பையோடு ஒரு அம்மா ஷட்டருக்கடியில் குனிந்து வந்தார். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், விடியும்வரை ஒரு ரூம் வேண்டும். அட்டை இல்லை. "அட்டை இல்லாம தர முடியாதும்மா, சட்டம் அப்படி" என்றேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

ரூம் தராதது இன்றைக்கும் என்னை உறுத்தவில்லை. மேஜைக்கடியில் என் தூக்குச் சட்டி இருந்தது; வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த இட்லி ஆறு. தெருவில் தெரிந்த முகம் எது எதிர்ப்பட்டாலும் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பவன் நான். அந்த அம்மாவிடம் ஊர் கேட்டேன், பெயர் கேட்டேன், அட்டை கேட்டேன். பிறகு ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு, சட்டியைத் திறந்து சாப்பிட்டேன்.