பிரிக்காத திட்டம்

மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கை இடுகையில், தொலைநாட்டுச் சிறு திருச்சபைகளுக்கு நாமும் ஏதோ செய்துவிட்டோம் என்னும் நிறைவு எழுகின்றது. அங்கு இளைஞர் பணி, குடும்பப் பணி எனத் திட்டம் தீட்டுவோர் எதிர்கொள்ளும் அறக் கேள்வியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மங்கோலியாவையே எடுத்துக்கொள்வோம். 1992-இல் மூன்று மறைப்பணியாளர்கள் அங்குச் சென்றபோது ஆலயமும் இல்லை, பங்கும் இல்லை. 2023-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சென்ற வேளையில் கத்தோலிக்கர் ஏறத்தாழ 1,450 பேர். நம் பங்குகள் பலவற்றைவிடக் குறைவு. பெரும்பாலோர் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர். திருமுழுக்குப் பெற்ற இளைஞனின் தாய், புத்தர் திருமுன் விளக்கேற்றுபவராக இருக்கலாம்.

இளைஞர்க்கென நடத்தும் முகாம் அவனை அத்தாயிடமிருந்து பிரிக்குமாயின், அதை நற்செய்திப் பணி என்போமா? ஆண்டவர் பொருட்டு வீட்டில் பிரிவினை நேருமெனத் திருநூலிலேயே உள்ளதே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அது சீடன் சுமக்க நேரும் சிலுவை. திட்டமிடுவோர் கையாளும் வழிமுறை அன்று. அதை அவன் தோளில் ஏற்றிவிட நமக்கு உரிமையில்லை.

உலான்பாதரின் பேராலயம், அம்மக்களின் வட்டக் கூடாரமாகிய ‘கெர்’ வடிவிலேயே எழுந்துள்ளது. பொறுமையும் அங்கு உண்டு: அம்மண்ணின் மைந்தர் ஒருவர் முதன்முதலாகக் குருவானது 2016-இல்; 24 ஆண்டுகள் கழித்து!

முகாமுக்கு மகனை அழைக்குமுன், அவன் வீட்டில் அமர்ந்து உப்பிட்ட பால்தேநீர் அருந்தவும் நாள்கள் ஒதுக்க வேண்டும். அந்நாள்களைப் பற்றி அறிக்கையில் காட்ட எண்ணிக்கை எதுவும் இராது. காணிக்கை தந்த நாம் அதற்கு இசைவோமா?