இரக்கம் தரும் அனுமதி

2014-ல் வந்த ‘ஜான் விக்’ படத்தில், இறந்துபோன மனைவி கணவனின் தனிமைக்கென்று ஏற்பாடு செய்திருந்த நாய்க்குட்டியைக் கொன்றுவிடுகிறார்கள். அதற்கு டெய்ஸி என்று பெயர் உண்டு. பழிதீர்க்கக் கிளம்பியவன் கையால் டஜன் கணக்கில் சாகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை.

இத்தகைய படங்கள் நம் குரூரத்தைத் தூண்டுகின்றன என்பது பழைய குற்றச்சாட்டு. எனக்கென்னவோ தூண்டப்படுவது இரக்கம் என்றே படுகிறது. நாய்க்குட்டிக்காக நாம் கசிவது நிஜம். அந்த நிஜத்தைக் கொண்டே பிற்பாடு நடக்கும் கொலைகளுக்கெல்லாம் நம் சம்மதம் வாங்கப்படுகிறது. டைரக்டர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி ஸ்டண்ட் கலைஞராக இருந்தவர். அவர் படத்தில் ஆட்கள் அழகாக விழுகிறார்கள். சாவதற்கு அவர்களுக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

அந்த அவகாசத்தை ஈஸ்ட்வுட் ‘அன்ஃபர்கிவன்’ (1992) படத்தில் தருகிறார். குண்டடிபட்ட இளைஞன் தண்ணீர் கேட்டு அலறுகிறான். கூலிக்குச் சுட்டவனே பொறுக்கமாட்டாமல், அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள், சுடமாட்டோம் என்று கத்துகிறான். நியாயம் நம் பக்கம் என்ற தெம்பு அங்கே கரைந்துவிடுகிறது.

யாருக்காக நம்மை அழவைக்கிறார்கள் என்பதோடு, யாருக்குத் தாகமே எடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.