ஒற்றை ஆள் வீட்டின் ராச்சாப்பாடு

மாலை ஆறரை மணிக்கு மேல் பன்வேல் பக்கம் போகும் ஹார்பர் லைன் லோக்கலில், பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தவர்களில் சிலருடைய மடியில் ஒரு பிளாஸ்டிக் பை விரிந்திருக்கும். அதன்மேல் ஒரு கட்டு வெந்தயக்கீரை. மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டும்போது ஆய ஆரம்பித்தால் வடாலா வருவதற்குள் இலை ஒரு பையிலும் காம்பு ஒரு பையிலும் பிரிந்துவிடும். குளிர்காலத்தில் பட்டாணி உரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் கேட்காமலே ஒரு கைப்பிடி எடுத்து உரித்துக் கொடுப்பார். மும்பையில் பல வீடுகளின் இரவுச் சமையல் இப்படி ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது.

அப்படிக் கீரை ஆய்கிறவர்களில், பிள்ளையைத் தனி ஆளாக வளர்ப்பவரும் இருப்பார். கணவனை இழந்தவராகவோ, பிரிந்து வந்தவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருக்கலாம். இந்தியக் குடும்பங்களில் 4.5 விழுக்காடு தாய் ஒருத்தியே தனியாக நடத்துபவை என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஏறத்தாழ 1.3 கோடி வீடுகள். மனைவியை இழந்து பிள்ளையோடு நிற்கும் தகப்பன்களும் இருக்கிறார்கள். அவர்கள் தொகை குறைவு, அடுப்படிக் கவலை அதேதான்.

இந்த வீடுகளின் கணக்கு மற்ற வீடுகளின் கணக்கு போன்றதல்ல. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவர் அடுப்பில் நிற்கும்போது இன்னொருவர் பிள்ளையின் நோட்டைப் பார்க்கலாம். பாட்டி இருந்தால் கதை கேட்கவும் ஆள் உண்டு. ஒற்றை ஆள் வீட்டில் சமைப்பவரும் கதை கேட்பவரும் ஒருவரே. ஏழரைக்கு வீடு வந்து சேர்ந்து, ஒன்பதரைக்குப் பிள்ளை தூங்குகிறது என்றால், கையில் இருப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் தண்ணீர் பிடிக்க வேண்டும், சீருடை துவைக்க வேண்டும், நாளைய டப்பாவுக்கு ஏதாவது யோசிக்க வேண்டும். அடுப்புக்குப் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையிடமிருந்து எடுக்கப்படுகிறது. நாடு முழுவதும் நடந்த 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் சராசரியாக நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், ஆண்கள் 88 நிமிடம் என்றும் சொல்கிறது. வேலையைப் பங்கிட இன்னொரு பெண் இருக்கும் வீடுகளும் அந்தச் சராசரிக்குள் அடக்கம். பங்கிட யாருமே இல்லாத வீட்டுக்கு எளிய சமையல் விருப்பம் சார்ந்த விஷயமாக இருக்க முடியாது.

இருந்தும் இப்படித் தனி ஆளாக வீட்டை நடத்தும் பெண்ணிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. மாட்டுங்கா மார்க்கெட்டிலோ செம்பூரிலோ மாவுக் கடையில் நின்று கவனியுங்கள். ஒரு கிலோ இட்லி மாவு வாங்குகிறவர், யாரும் கேட்காமலே சொல்வார்: “இந்த வாரம் அரைக்க நேரமே இல்லைங்க.” மாவு விற்பவருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. ஆனாலும் சொல்லாமல் அவரால் இருக்க முடிவதில்லை.

இந்த நகரத்தின் பழைய கதை தெரிந்தவர்கள் அந்தக் கூச்சத்தை ஏற்க மாட்டார்கள். மும்பை வளர்ந்ததே தனி ஆட்களுக்கு வேறொருவர் சமைத்துப் போட்டதால்தான். பரேல், லால்பாக் பக்கத்துப் பஞ்சாலைகளுக்குக் கொங்கணத்திலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலுள்ள மாவட்டங்களிலிருந்தும் வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரே அறையில் முறைவைத்துத் தூங்கினார்கள். அவர்களுக்கு இரண்டு வேளையும் சாப்பாடு போட்டவை கானாவள் என்ற வீட்டு உணவகங்கள். நடத்தியவர்கள் பெண்கள். அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். தங்கள் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்கள். அவர்களை ஒன்று சேர்த்து, வட்டிக்காரர்களிடமிருந்து விடுவித்து, வங்கிக் கடன் வாங்கித்தரப் பிரேமா புரவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் கூலி நின்றபோது, இந்தப் பெண்களின் அடுப்பும் ஆட்டம் கண்டது.

மாட்டுங்காவின் கதையும் அதே இழைதான், சட்டை மட்டும் வேறு. தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கமிருந்து டைப்ரைட்டிங் சான்றிதழோடு வந்த இளைஞர்கள் இங்கே சாப்பிட்டுத்தான் காலூன்றினார்கள். கஃபே மெட்ராஸ் 1940இல் வந்தது. ஸ்டேஷன் பக்கத்து ராம நாயக்கின் ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல் வந்தது. இன்றும் அங்கே இலை போட்டுச் சாப்பாடு உண்டு. அந்த இளைஞர்களில் யாரையாவது, வீட்டில் தானே சமைக்காத பிள்ளை என்று யாரும் குறை சொன்னதுண்டா? உழைக்கிறவன், வெளியே சாப்பிடுகிறான் என்றுதான் இந்த ஊர் சொன்னது. தனித்திருந்த ஆணுக்காகத் தெருவுக்குத் தெரு அடுப்பு மூட்டிய நகரம், அதே எட்டு மணி நேர வேலையும் அதே ரயில் நெரிசலும் தாண்டி வந்து பிள்ளையையும் வளர்க்கும் பெண்ணிடம் மட்டும் முழுச் சமையல் எதிர்பார்க்கிறது. இது நியாயமில்லை. அவள் வாங்கும் மாவு, கானாவளின் நேர் வாரிசு.

கானாவளின் இன்னொரு வாரிசு தாராவியில் கண்ணெதிரே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்துகளில், விடிவதற்கு வெகு முன்பே இட்லிக் கொப்பரைகள் ஆவி விடுகின்றன. வெளிச்சம் வரும்போது அலுமினியப் பாத்திரத்தோடும் சட்னி வாளியோடும் ஆட்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு நகரத்தின் மூலைமுடுக்குக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். எங்கோ ஒரு பெண்ணின் சமையல் எளிதாகிறது என்றால், இன்னொருவர் தூக்கத்தைச் சுருக்கியிருக்கிறார் என்று பொருள். வாங்குகிறவர் கூச்சத்தை விட்டுவிடலாம். பேரம் பேசுவதையும் விட்டுவிடலாம்.

இனி அடுப்புக்கு வருகிறேன். சமையல் நேரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆளைப் பிடித்துவைக்கும் நேரம், இன்னொன்று ஆளை விட்டுவிடும் நேரம். எளிய சமையல் என்று பட்டியல் போடுகிறவர்கள் மொத்த நிமிடத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஒற்றை ஆள் வீட்டில் எண்ண வேண்டியது நிற்கும் நிமிடத்தை. மாவு இருந்தால் தோசைதான் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தோசை ஒவ்வொன்றாக வரும் பலகாரம். பிள்ளை கூடத்தில் சுடச்சுடச் சாப்பிடும். தாய் கல்லின் முன்னால் நிற்பாள். அவளுடைய முதல் தோசைக்குள் பிள்ளை கை கழுவியிருக்கும். அதனால் என் ஓட்டு இட்லிக்கு. தட்டை ஏற்றிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அது யாரையும் கேட்பதில்லை. மும்பையின் மழைக்கால ஈரத்தில் மாவு சீக்கிரம் புளிக்கும். ஆகவே வாங்கிய நாளிலும் மறுநாளும் இட்லி. புளிப்பேறியதும் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குழிப் பணியாரம். ஒரு ஈட்டில் ஏழோ பன்னிரண்டோ சேர்ந்தே வெந்துவிடுகிறது.

குக்கரை நான் மனதார மதிக்கிறேன். ஹாக்கின்ஸ் கம்பெனி இதே மும்பையில் 1959இல் தொடங்கப்பட்டது. நீராவியை அடைத்துக் கொதிநிலையை 120 டிகிரிக்கு அருகே ஏற்றுவதுதான் அதன் வேலை. பிள்ளையுள்ள வீட்டுக்கு அதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது: அணைத்த பிறகும் ஆற வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, கேரட், பட்டாணி, நாலரை டம்ளர் தண்ணீர், மிளகு, சீரகம், உப்பு. நாலு விசில் வந்து அது ஆறும் நேரத்தில் ஒரு பக்கம் கணக்கு முடிந்துவிடும். பொங்கல் என்றாலும் சரி, இந்த ஊர்க்காரர்கள் போலக் கிச்சடி என்றாலும் சரி.

அடைக்கு மாவு புளிக்கவே வேண்டாம். காலையில் அரிசியும் பருப்புகளும் வற்றல் மிளகாயும் ஃபிரிட்ஜில் ஊறப்போட்டுப் போனால், மாலையில் மிக்சியில் கொரகொரவென்று அரைப்பதுதான் பாக்கி. அதுவும் கல்லில் நிற்க வைக்கும் பலகாரம்தான். ஆனால் கனம் அதிகம், ஆளுக்கு இரண்டு போதும். வெல்லம் தொட்டுக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் கொஞ்சம் பருப்புப்பொடியும் செய்துவைத்தால் வாரத்தில் இரண்டு இரவு கடந்துவிடும். காய்கறிக்காரரிடம் முளைகட்டிய மட்கிப் பயறு தயாராகவே கிடைக்கும். மராட்டியப் பெண்கள் செய்வதுபோல அதைத் தாளித்து வேகவிட்டு, பாவ் ரொட்டியோடு சாப்பிடலாம். முட்டைப் பொடிமாசும் பாவும் இன்னொரு நாள். தாதர் பக்கம் இறங்குகிறவர்களுக்கு போளி பாஜி கேந்திரம் என்ற கடைகளில் சூடான சப்பாத்தி எண்ணிக் கொடுப்பார்கள். அந்தக் கடைகளின் உள்ளே உருட்டுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. வெள்ளிக்கிழமை உடம்பு நொந்துபோனால் தயிர்சாதம், ஊறுகாய். அதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நிற்கும் நிமிடத்தின் கனம் வீட்டைப் பொறுத்தும் மாறும். செம்பூர் ஃப்ளாட்டில் அடுப்படிக்குத் தனிச் சுவர் உண்டு. சமைக்கப் போனால் தாய் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறாள். தாராவியில் கோலி எனப்படும் நூறு சதுர அடி ஒற்றை அறையில் சுவருக்கு இடமில்லை. பிள்ளை வாய்ப்பாடு சொல்லும் இடத்துக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவே ஒரு முழம். “யம்மா, இது சரியா?” என்றால் திரும்பாமலே பதில் வரும். அங்கே தோசையும்கூட ஆளைப் பிரிக்காது. அந்த வீட்டின் புழுக்கமும், குறித்த நேரத்துக்கு மட்டும் வரும் தண்ணீரும், தூங்கும் பாயிலேயே ஏறும் எண்ணெய்ப் புகையும் எனக்குத் தெரியாததல்ல. யாரும் அப்படி வாழ வேண்டியதில்லை. ஆனால் வசதி வந்த வீடுகளில் போய்விட்ட ஒன்று அங்கே இருக்கிறது. சமைப்பவரின் முகம் பிள்ளைக்குத் தெரிகிறது.

பள்ளியில் என்ன நடந்தது என்று வாசலில் கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. “ஒண்ணுமில்ல” என்று பையை வீசும். மூன்றாவது வாய் உள்ளே போன பிறகுதான் பேச்சு வரும்: யார் அடித்தது, யார் டப்பாவைப் பிடுங்கியது, டீச்சர் ஏன் கத்தினார். எதிரே ஒருவர் உட்கார்ந்து, தானும் சாப்பிட்டுக்கொண்டு, முகத்தை உற்றுப் பார்க்காமல் கேட்டால்தான் வரும். அந்த ஒருவர் நின்றுகொண்டிருக்கும் வீட்டில் அந்தச் செய்தி சொல்லப்படாமலே தூங்கப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது; எனக்கு அதுதான் பெரிது. நம் வீடுகளில் தாய் கடைசியில், மிச்சத்தை, பெரும்பாலும் நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். அதைத் தியாகம் என்று பாராட்டிப் பாராட்டியே தலைமுறைகளைக் கடத்தினோம். கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை பார்க்க வேறு பெரியவர்களும் இருந்தார்கள். ஒற்றை ஆள் வீட்டில், வளர்ந்த மனிதர் என்றால் எப்படி இருப்பார் என்று பிள்ளை பார்ப்பதற்கு இருப்பது இந்த ஒரே ஆள். அவர் தன் பசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், மகள் அதையே தன் எதிர்காலமாக எடுத்துக்கொள்வாள். மகன் அதையே தனக்கு வரப்போகிறவளிடம் எதிர்பார்ப்பான். அவர் முழுத் தட்டோடு எதிரே உட்கார்ந்தால், உழைத்து வந்த ஒரு மனிதருக்குச் சூடான சாப்பாடும் உட்காரும் நேரமும் உரிமை என்பதைப் பிள்ளை எந்தப் போதனையும் இல்லாமல் தெரிந்துகொள்கிறது. கடையில் மாவு வாங்குவது, குக்கரை நம்புவது, பொடியோடு நிறுத்திக்கொள்வது எல்லாம் இந்த ஒரு காட்சி அன்றாடம் நடப்பதற்காகத்தான். அதனால், குக்கர் ஆறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் தட்டோடு சேர்த்துத் தன் தட்டையும் எடுத்து வையுங்கள் என்று அந்த ரயில் பெட்டிப் பெண்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.