மலைமுகட்டில் தோன்றிய ஒளியும் சான்றுரைக்கும் கடமையும்

குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் சைவ அன்பர் ஒருவர் எமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். ஞாயிறு மறைந்தபின் மேற்றிசை மலைமுகட்டின்மேல் பேரொளி ஒன்று பல நாள் தொடர்ந்து தோன்றிற்றென்றும், முகட்டை நெருங்குங்கால் செம்மையும் பசுமையுமாக மாறி மாறி மின்னிற்றென்றும், பாதையில் நடப்பாரோடு உடன் நடந்து நிற்பாரோடு உடன் நின்றதென்றும், நான்கு நாழிகை கழித்து மலைக்குப்பின் இறங்கி மறைந்ததென்றும் அவர் எழுதுகின்றார். லைன் வீடுகளில் உள்ளார் சிலர் அதனைச் சிவசோதி எனக் கற்பூரங் காட்டித் தொழுதனராம். இளைஞர் சிலர் வேற்றுலகத்தார் ஊர்தி என்றனராம். இம்மட்டில் நின்றிருப்பின் யாம் எழுதப் புகோம். அவ்விடத்தே உண்டியல் வைத்தற்கும், சோதி தோன்றிய வரலாற்றை அச்சிட்டு வழங்குதற்கும் சிலர் முற்பட்டு, நூலறிவுடையார் என்பதுபற்றி அவ்வன்பரையே சான்றுக் கையொப்பம் இடுமாறு வேண்டினராம். "இடலாமோ? ஐயுற்று ஆராய்தல் அன்புக்கு இழுக்காமோ?" என்பதே அவர் வினா.

ஆராய்தல் இழுக்காமாயின், அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் பதியியல்பு கூறப் புகுமுன் அளவையை வைத்தது எற்றுக்கு? காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள்ளும் காண்டல் எளிதென்பார் உளர். அஃது எளிதன்று. புலனும் பொருளுங் கூடிய அளவிலே உண்மைக் காட்சி பிறந்துவிடுவதில்லை; ஐயமும் திரிபும் அதனுள்ளே புகும். குற்றியோ மகனோ எனத் துணிவின்றி நிற்பது ஐயம். இப்பியை வெள்ளியெனத் துணிவது திரிபு. எம் அன்பர் கூறிய ஒளியின் குறிகளை ஒருங்குவைத்து நோக்கின், ஆண்டு நிகழ்ந்தது இதன் மறுதலையே போலும். வானத்து வெள்ளியையே பிறிதொன்றாகத் துணிந்தனர்.

அஃதெங்ஙனமெனின், திங்களை ஒழித்தால் இரவு வானில் மிக்க ஒளியுடையது வெள்ளி என்னும் சுக்கிரனே. அது மாலையிற் காணப்படும் காலத்து மேற்கே நின்று, ஞாயிறு பட்டபின் சில நாழிகையிற் படும். அடிவானத்தை நெருங்குங்கால் அதன் ஒளி தடித்த காற்றினூடே வருதலின், பல நிறமாகப் பிரிந்து நடுங்கும். நெடுந்தொலைவில் உள்ளது நடப்பாரோடு உடன் வருவதுபோலத் தோன்றுதல் திங்களிடத்துச் சிறுவரும் கண்டது. இருளில் தனித்த ஒரு புள்ளியை இமையாது நோக்கின், அது நிலையாக நிற்பினும் அசைவதாகத் தோன்றுதல் கண்ணின் இயல்பு. நீலகிரியில் இம்மயக்கத்துக்குத் துணை பல உள: மலைப்பாதை வளைவுகளில் ஏறும் வண்டிகளின் விளக்கு, அதனை மூடியும் திறந்தும் விளையாடும் மூடுபனி, கீழே மேட்டுப்பாளையத்துச் சமவெளி விளக்குகள், இவற்றோடு 2019-ஆம் ஆண்டுமுதல் நிரை நிரையாக ஏவப்படும் செயற்கைத் துணைக்கோள்கள்.

கல்லாதாரே இங்ஙனம் மயங்குவர் எனல் வேண்டா. லடாக்கு எல்லையிற் காவல் புரிந்த நம் படையினர், 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, வானில் இயங்கிய ஒளிகளை 329 முறை கண்டு குறித்தனர். அண்டை நாட்டின் வேவு விமானம் என ஐயுற்றனர். பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார், விண்மீன்களை நோக்க அவ்வொளிகள் எவ்வாறு இயங்குகின்றன என ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியுமே எனத் துணிந்தனர். படையினர் பொய் கூறினாரல்லர். கண்டது மெய், கண்டதன்மேல் ஏற்றிய பெயரே திரிபு.

இனி, ஆராய்ந்தும் உடனே விளங்காத ஒளியும் உண்டு. அதற்குச் சான்று அந்நீலகிரியே. 1871 டிசம்பர் 12-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண்டற்குப் பிரெஞ்சு நாட்டு வானநூலார் ஜான்சன் என்பார் உதகைக்கு அணித்தாகிய சோலூரில் வந்து தங்கினர். பகல் இரவாகிய அச்சில நிமிடங்களில், மறைந்த ஞாயிற்றைச் சூழ்ந்து வெண்முடிபோல் விளங்கிய ஒளியைப் பகுத்து நோக்கி, ஞாயிற்றொளிக்குரிய கருங்கோடுகள் அதன்கண்ணும் இருத்தலைக் கண்டனர். அம்முடியொளியில் ஒரு பச்சைக்கோடு உண்டென்பது 1869-ஆம் ஆண்டு கிரகணத்திலேயே அமெரிக்க நாட்டில் காணப்பட்டிருந்தது. மண்ணுலகில் அறியப்பட்ட எப்பொருளின் கோட்டோடும் அது பொருந்தாமையால், புதியதொரு தனிமம் எனக் கொண்டு 'கொரோனியம்' எனப் பெயரும் இட்டனர். எழுபதாண்டு கழிந்தபின்னர் சுவீடன் நாட்டு எட்லேன் என்பார், அது மிக்க வெப்பத்தாற் பதின்மூன்று மின்னணுக்களை இழந்த இரும்பின் ஒளியே என நிறுவினர். நாடோறும் அடுக்களையிற் கையாளும் இரும்பு! பெயரிடுதல் வேறு, அறிதல் வேறு. காரணம் விளங்காத ஒளியைச் 'சிவசோதி' என்பதும் 'வேற்றுலக ஊர்தி' என்பதும் கொரோனியம் என்பதும் இவ்வகையில் ஒன்றே.

அற்றேல், விளங்காத ஒன்றை இறைவன் ஒளி எனக் கொள்வதனால் என்ன கேடு என வினவுவார்க்குச் சித்தாந்தம் தெளிவான விடை தந்துள்ளது. சுட்டி அறியப்படுவன எல்லாம் அசத்து என்பதும், எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியமாம் என்பதும், இவ்விரண்டும் அல்லாதது சிவசத்து என்பதும் சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரத்தின் கருத்து. கட்பொறியாற் சுட்டப்படும் ஒளி, விளங்கினும் விளங்காவிடினும் மாயாகாரியமே. அது வெள்ளி எனத் தெரிந்தமையாற் சிவத்துக்குக் குறைவு வாராது. இன்னதெனத் தெரியாது ஒழிந்தமையாற் சிவத்துக்கு ஒரு சான்று கூடிவிடாது. அறியாமை உள்ள இடமெல்லாம் இறைவனுக்கு இடம் வகுப்பார், அறிவு வளருந்தொறும் அவனை இடம்பெயர்த்துக்கொண்டே போதல் வேண்டும்.

ஆலய வடிவினையும் அரனெனத் தொழுக என்றும் அந்நூலே விதித்ததன்றோ எனின், விதித்தது உண்மை. அங்ஙனந் தொழுவார், கல்லைக் கல்லென்றும் விளக்கை விளக்கென்றும் அறிந்தே தொழுகின்றனர். திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்தை நோக்குக. கொப்பரை மலையேறுவதும், நெய்யும் திரித்துணியும் கருப்பூரமும் சுமந்து செல்வதும், பருவதராசகுலத்தார் ஏற்றுவதும் உலகறிய நிகழ்வன. அது தானே தோன்றிற்று என்பார் ஒருவரும் இலர். அதனாற் கைகுவியாதாரும் இலர். சபரிமலையில் மகரவிளக்கின் வரலாறு சிறிது வேறு. பொன்னம்பலமேட்டில் தோன்றும் அவ்வொளி தானே எழுவதென்று பலர் நெடுங்காலம் நம்பினர். 2011 சனவரி 14-ஆம் நாள் அதனைக் காணப் புல்மேட்டிற் கூடித் திரும்புங்கால் நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கேரள உயர்நீதிமன்றத்தில் வினா எழுந்தபோது, விளக்கு மாந்தரால் ஏற்றப்படுவதே எனத் தேவசுவம் வாரியத்தார் அவ்வாண்டே உரைத்தனர். அதன்பின்னும் அடியார் கூட்டம் குறைந்திலது. உண்மை சொன்னால் அன்பு கெடும் என அஞ்சினார் அச்சம் வீண் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா.

ஆகவே கற்பூரங் காட்டிய மூதாட்டியை யாம் குறைகூறோம். ஒளி கண்டவழி இறைவனை நினைத்தல் அவர் அன்பின் இயல்பு. அவர் எவர்க்கும் சான்று கூறவில்லை. தொழுதல் வேறு, சான்றுரைத்தல் வேறு. உரையளவைக்குக் கூறுவோன் ஆப்தனாதல் வேண்டும். இம்மரத்திற் பேய் உண்டெனத் தொன்றுதொட்டு வரும் சொல்லை ஐதிகம் எனப் பிரித்து வைத்தனர் அளவை நூலார். எம் அன்பர் கையொப்பம் இட்டால் தோட்டத்து ஐதிகம் ஒரு நாளில் உரையளவையின் கோலம் பூண்டுவிடும். உண்டியலிற் கூலிக்காசு இடும் ஏழை நம்புவது வானத்து ஒளியை அன்று, அன்பரின் எழுத்தையே.

எல்லையற்ற சோதியின்முன் நிகழ்ந்த முதற் சான்றுரை யாது என்பதைச் சைவ உலகம் மறக்குமா? அடிதேடிச் சென்ற திருமால், காணவில்லை என மெய் கூறினர். முடிதேடிச் சென்ற நான்முகன், காணாததைக் கண்டேன் என்றனன். தாழம்பூ அதற்குக் கரி கூறிற்று. ஒருவர்க்குக் கோயில் இலதாயிற்று. மற்றொன்று அருச்சனைக்கு ஆகாதாயிற்று. காணாமை ஆண்டுக் குற்றமாக எண்ணப்படவில்லை என்பதையும், தேடியதும் குற்றமாக எண்ணப்படவில்லை என்பதையும் அன்பர்கள் உற்று நோக்குக.

எம் அன்பர்க்கு யாம் எழுதிய விடை இது: கண்ட நாள், நாழிகை, திசை, முகட்டின்மேல் எத்துணை விரல் உயரம், அணித்தே நின்ற விண்மீன் யாது என்பவற்றைப் பத்து மாலை குறித்துவைக்க, பஞ்சாங்கத்திற் சுக்கிரன் நிற்கும் இராசியோடு ஒப்பிடுக, பொருந்தாவிடின் அக்குறிப்பினை உதகையிலோ பெங்களூரிலோ உள்ள வானநூலார்க்கு விடுக்க. கையொப்பம் வேண்டி மீண்டும் வருவாராயின், அக்குறிப்பேட்டின் அடியில் மட்டும் இடுக.